அறுகோணக் கட்டமும் அட்டைக் காயும்

கும்பகோணத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா நகல், கல்லூரி ப்ராஜெக்ட், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன் என்று நாள் ஓடும். சில வருடங்களுக்கு முன் ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஒரு கல்லூரிப் பையன் பென்டிரைவோடு வந்தான். "அண்ணா, ஒண்ணு ஏ3 கலர், இன்னொண்ணு ஸ்டிக்கர் ஷீட்" என்றான். திறந்தால் முதல் பக்கம் முழுக்கத் தேன்கூடு மாதிரி அறுகோணக் கட்டங்கள். அதற்குள் காடு, ஆறு, ரயில் பாதை, வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள். இரண்டாவது பக்கத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குறியும் இரண்டு எண்ணும்.

"என்ன தம்பி இது?"

"போர் ஆட்டம்ண்ணா. 1941 மாஸ்கோ சண்டை. நானே வெட்டி ஒட்டிக்குவேன்."

அவசரத்தில் வரைபடத்தை 'ஃபிட் டு பேஜ்' போட்டு அடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் முகம் வாடித் திரும்பி வந்தான். வரைபடம் சுருங்கிவிட்டது, காய்ப் பக்கம் சுருங்கவில்லை. அரை அங்குலக் காய் கட்டத்தை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காசு வாங்காமல் 'ஆக்சுவல் சைஸ்' போட்டு மறுபடி அடித்துக் கொடுத்தேன். கெட்டுப்போன படத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. அன்று இரவு அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். விதிகளையும் பையனிடமே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த ஆட்டத்தின் பெயர் பேட்டில் ஃபார் மாஸ்கோ. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை மாஸ்கோவைப் பிடிக்க வந்த சண்டைதான் அதில் நடக்கிறது. பிராங்க் சாட்விக் என்ற அமெரிக்கர் வடிவமைத்து 1986 இல் வெளிவந்தது. புதிதாக வருகிறவர்களுக்கென்றே செய்த ஆட்டம். மொத்தம் 39 காய்கள், 7 முறைகள் (இரண்டு பக்கமும் ஒரு தடவை ஆடி முடித்தால் ஒரு முறை), சில பக்க விதிகள், அவ்வளவுதான். இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழில் இந்த ஆட்டவகையைப் பற்றி யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் இதை நான்கு தடவை ஆடிவிடுங்கள்.

எதற்கு அறுகோணம் என்று எல்லோரும் கேட்பார்கள். சதுரக் கட்டத்தில் நேராகப் போனால் ஒரு தூரம், மூலைவாட்டில் போனால் அதைவிட 1.4 மடங்கு தூரம். இரண்டையும் ஒரே நகர்வு என்று எண்ணினால் மூலைவாட்டில் போகிறவனுக்கு லாபம். அறுகோணத்தில் ஆறு பக்கத்து அண்டைக் கட்டமும் ஒரே தூரம். சார்லஸ் ராபர்ட்ஸ் 1954 இல் கொண்டுவந்த டாக்டிக்ஸ் என்ற ஆட்டத்தில்கூடச் சதுரம்தான் இருந்தது. அவர் தொடங்கிய அவலான் ஹில் நிறுவனம் 1961 இல் வெளியிட்ட ஆட்டங்களில் அறுகோணம் வந்தது. அதற்கப்புறம் இந்த வகைக்கு அதுவே அடையாளமாகிவிட்டது.

காயில் இருப்பதைப் படிக்க அரை மணி நேரம் போதும். பெட்டிக்குள் பெருக்கல் குறி போட்டிருந்தால் காலாட்படை. பழைய சிப்பாய் மார்பில் குறுக்கும் நெடுக்கும் போட்ட இரண்டு வாரிலிருந்து வந்த குறி அது. ஒரே ஒரு சாய்கோடு என்றால் குதிரைப்படை. நீள்வட்டம் என்றால் டாங்கி. கீழே இரண்டு எண்களில் முதலாவது பலம், இரண்டாவது எத்தனை கட்டம் நகரலாம் என்பது. அடி வாங்கினால் காயைத் திருப்பி வைப்போம், பின்பக்கத்தில் குறைந்த பலம் அச்சாகியிருக்கும்.

முதல் இரவு விதிகளை முழுதும் படித்து முடித்துவிட்டுத்தான் ஆடுவேன் என்று உட்கார்ந்தேன். இரண்டாவது பக்கத்தில் தூக்கம் வந்தது. மறுநாள் வேறு மாதிரி செய்தேன். ஒரு முறைக்குள் எதற்கப்புறம் எது என்ற வரிசையை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். காய்களை அடுக்கி முதல் முறையைத் தப்போ சரியோ ஆடினேன். சந்தேகம் வந்த இடத்தையெல்லாம் கடை நோட்டில் குறித்தேன், விடை தேட ஆட்டத்தை நிறுத்தவில்லை. மூன்றாவது நாள் விதிகளைத் திரும்பப் படித்தபோது ஒவ்வொரு வரியும் நான் ஏற்கெனவே தடுக்கி விழுந்த இடத்தைப் பற்றியே பேசியது. காயைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் விதி மண்டையில் ஏறும். வெறும் தாளாகப் படித்தால் எனக்கு ஏறவில்லை, நான் ஆடச் சொல்லிக்கொடுத்த யாருக்கும் ஏறியதில்லை.

எதிரே ஆள் இல்லையே என்று நினைக்க வேண்டாம். இந்த ஆட்டக்காரர்களில் ஏராளமானவர்கள் தனியாகவே இரண்டு பக்கமும் ஆடுகிறவர்கள். நாற்காலியை மாற்றிப்போட்டு உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக்கு எது நல்லதோ அதை நேர்மையாகச் செய்ய வேண்டும். நான் இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து அப்படித்தான் ஆடினேன். முதல் இரண்டு முறையில் ஜெர்மன் டாங்கிகளை அள்ளிக்கொண்டு போய் மாஸ்கோ பக்கம் நிறுத்திவிட்டேன். காலாட்படை எங்கோ பின்னால் வந்துகொண்டிருந்தது. அப்புறம் சேற்று முறைகள் வந்தன. 1941 அக்டோபரில் ரஷ்யாவில் உண்மையாகவே அப்படித்தான் நடந்தது. மழை பெய்து, தார் போடாத சாலையெல்லாம் சகதியாகி, படை அப்படியே நின்றது. ஆட்டத்தில் அந்த முறைகளில் நகர்வு அடியோடு சுருங்கிவிடும். முன்னால் போன டாங்கிகளைச் சுற்றி ரஷ்யக் காய்கள் வந்து உட்கார்ந்தன. பின்வாங்க வழியில்லாமல் இரண்டு டாங்கிப் படைகள் ஒரே முறையில் போய்விட்டன.

அன்றைக்கு எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தை மாத அறுவடைதான். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் டயர் வைத்த அறுவடை மிஷின் வயலுக்குள் இறங்காது. இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும், பெல்ட் மிஷின்தான் வர வேண்டும். அதற்கு வாடகை கூட, வரிசையும் நீளம். எங்கள் அப்பா மழை வருவதற்கு நாலு நாள் முன்பே வானத்தைப் பார்த்து மிஷினுக்குச் சொல்லிவைப்பார். நானோ சேற்று முறை எப்போது வரும் என்று வரைபடத்திலேயே அச்சடித்திருந்தும் பார்க்காமல் டாங்கியை ஓட்டியிருந்தேன். அடுத்த ஆட்டத்தில் முதல் வேலையாக முறைக் கணக்குக் கட்டத்தைப் பார்த்தேன். எந்த ஆட்டமானாலும் இப்போதும் அதுதான் முதல் வேலை. பருவம் எப்போது மாறுகிறது, புதுப்படை எப்போது வருகிறது, எத்தனை முறைக்குள் முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் காயில் கை வைப்பேன்.

இந்த ஆட்டத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஜெர்மன் பக்கத்தில் முதலில் டாங்கிகள் மட்டும் நகரும். அப்புறம் சண்டை. சண்டை முடிந்த பிறகுதான் எல்லாப் படையும் நகரலாம். ஆகவே இந்த முறை நீங்கள் நகர்த்தும் காலாட்படை அடுத்த முறைதான் அடிக்கும். நாற்று விடும்போதே நடவு ஆளுக்குச் சொல்லிவைக்கிற மாதிரி ஒரு முறை முன்னால் யோசிக்க வேண்டும். இது பிடிபட எனக்கு மூன்று ஆட்டம் ஆனது.

அக்கா மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறைக்கு வந்தவள் மேசையைப் பார்த்துவிட்டு, "மாமா, இது ஆடுபுலி ஆட்டமா?" என்றாள். அவள் கேட்டது சரியான கேள்வி. எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத் தரையில் செதுக்கி வைத்திருக்கும் ஆடுபுலிக் கட்டத்தில் 3 புலி, 15 ஆடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. புலி தாவி வெட்டும், ஆடுகள் சேர்ந்து நின்று அடைக்கும். போர் ஆட்டத்தின் உயிர் அங்கேயே இருக்கிறது. ஜெர்மன் பக்கம் புலி, ரஷ்யப் பக்கம் ஆடு என்று சொன்னதும் பாதி விதியை அவளே ஊகித்துவிட்டாள்.

'ஜோன் ஆஃப் கன்ட்ரோல்' என்று ஒரு விதி. ஒவ்வொரு படையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டத்தையும் கண்காணிக்கிறது, எதிரி அதற்குள் கால் வைத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அவள் அதற்குப் 'பார்வை' என்று பெயர் வைத்தாள். "மாமா, உங்க டாங்கி என் பார்வையில விழுந்துடுச்சு, நில்லுங்க." இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான். இந்த விதி புரிந்துவிட்டால் வரிசையில் ஒன்று விட்டு ஒன்று காய் வைத்தே பெரிய இடத்தைக் காக்கலாம் என்பதும் புரிந்துவிடும். அதை நான் சொல்லவில்லை, அவள் ஆடிக் கண்டுபிடித்தாள்.

சண்டைக் கணக்கையும் அவள்தான் எனக்கு நன்றாகப் புரியவைத்தாள். அடிக்கிறவர் பலத்தைக் காக்கிறவர் பலத்தால் வகுத்து, மீதியைக் காக்கிறவருக்குச் சாதகமாகத் தள்ளிவிட வேண்டும். 11 பேர் 4 பேரை அடித்தால் 2.75. ஆனால் பகடை எறிந்து சண்டை முடிவைப் பார்க்கும் அட்டவணையில் அது வெறும் 2-க்கு-1 தான். ஒரு பலம் கூடி 12 ஆனால் 3-க்கு-1. பகடை எறிவதற்கு முன் அந்த ஒன்றுக்காக அவள் படம் முழுக்கத் தேடுவாள். ஒருநாள் 11 வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தாள். அப்புறம் வேறொரு சண்டையை அடியோடு கைவிட்டு, அங்கே தோள் கொடுத்துக்கொண்டிருந்த படையை இந்தப் பக்கக் கணக்கில் சேர்த்தாள். எல்லா இடத்திலும் 2-க்கு-1 அடிப்பதைவிட ஓர் இடத்தில் 3-க்கு-1 அடித்து, மற்ற இடத்தில் சும்மா நிற்பது நல்லது. சும்மா நிற்கிற துணிச்சல் எனக்கு அதுவரை வரவில்லை.

கடைக்கு ஓய்வூதியப் படிவம் நகல் எடுக்க ஒரு ரிடையர்டு ஸ்டேஷன் மாஸ்டர் வருவார். மாயவரம் பக்கம் வேலை பார்த்தவர். கல்லாவுக்குப் பின்னால் வைத்திருந்த வரைபடத்தில் ரயில் பாதையைப் பார்த்ததும் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். "தம்பி, இதுல ஏன் ரஷ்யாக்காரன் மட்டும் ரயில்ல போறான்?" ஆட்டத்தில் அப்படித்தான் விதி. ஏன் என்று நான் யோசித்ததே இல்லை. அவரே சொன்னார். ரஷ்யத் தண்டவாளம் ஐந்தடி, ஜெர்மன் தண்டவாளம் நாலடி எட்டரை அங்குலம். தண்டவாளத்தை நகர்த்தி அடிக்காமல் ஜெர்மன் வண்டி உள்ளே போகாது. "மீட்டர் கேஜ் ப்ராட் கேஜ் ஆன காலத்துல நம்ம ஊர்ல எத்தனை வருஷம் வண்டி மாறி ஏறுனோம்? அதையே சண்டைக்கு நடுவுல செய்யணும்னா?" விதிப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்தது, அவர் சொன்னதும் ஒரு பெரிய வரலாறாக விரிந்தது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். எப்போதும் ரஷ்யப் பக்கம்தான் கேட்பார்.

இந்த உற்சாகத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் மூலம் ஒரு பெரிய ஆட்டத்தை வரவழைத்தேன். ஆயிரத்துக்கு மேல் காய்கள், இரண்டு வரைபடம், கெட்டி விதிப்புத்தகம். காய்களைப் பிரித்து அடுக்கவே நான்கு இரவு போயிற்று. விரித்துவைக்க வீட்டில் இடமில்லை, எடுத்துவைத்தால் மறுபடி நான்கு இரவு. ஒரு முறைகூட முடிக்காமல் பரணில் ஏற்றினேன். அடுத்த மழைக்காலத்தில் கரையான் ஏறிப் பாதிப் பெட்டி போய்விட்டது. அந்தப் பணமும் போயிற்று, அந்த ஆட்டத்தின் மேல் இருந்த ஆசையும் அதோடு போயிற்று. அதுதான் எனக்கு அதிக வருத்தம். இந்த உலகத்தில் எவ்வளவு தூரமும் போகலாம். 1979 இல் வந்த தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா என்ற ஆட்டத்தில் இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் கணக்கு வைக்க வேண்டும். அப்படிப்பட்டவை இருக்கட்டும். முதல் வருடம் ஒரே தாளில் வரைபடம், நூறுக்குள் காய், ஒரு மாலையில் முடிகிற ஆட்டம் என்பதைத் தாண்ட வேண்டாம்.

வாங்காமல் நாமே செய்துகொள்வதில் எனக்குக் கைப்பழக்கம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காய்ப் பக்கத்தை ஸ்டிக்கர் ஷீட்டில் அடித்து 2 மில்லிமீட்டர் கிரே போர்டில் ஒட்டுங்கள். பசை தடவ வேண்டாம். எங்கள் ஊர் ஈரக்காற்றில் ஈரப்பசையும் சேர்ந்தால் அட்டை அப்பளம் மாதிரி வளையும். ஒட்டியபின் ஓர் இரவு அம்மிக்கல்லையோ கனமான புத்தகங்களையோ மேலே ஏற்றிவையுங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் சரியாகப் பொருந்த வேண்டுமானால் இரண்டையும் ஒரே தாளில் கண்ணாடிப் பிம்பம் போல எதிரெதிரே வைத்து அடித்து, நடுவில் மடித்து அட்டையைச் சுற்றி ஒட்ட வேண்டும். தனித்தனியாக ஒட்டினால் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போகும். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே பின்பக்க எண் பாதி வெட்டுப்படும்.

வெட்டும்போது ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போட்ட கட்டர். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல் லேசாக நாலைந்து தடவை இழுங்கள். முதலில் எல்லாக் கோட்டையும் ஒரு திசையில் முக்கால் ஆழம் வெட்டி, அப்புறம் மறுதிசையில் முழுதும் வெட்டினால் காய்கள் சிதறாமல் வரிசையாகப் பிரியும். மூலையில் பிசிறு இருந்தால் காய்கள் ஒன்றோடொன்று மாட்டும். நகவெட்டியால் நான்கு மூலையையும் ஒரு கிள்ளு கிள்ளிவிடுங்கள். 39 காய்க்கு 156 மூலை. ரேடியோவில் பாட்டுப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். காயைப் பிரித்துவைக்கத் தையல் கடைக்காரர்கள் பட்டன் போட்டுவைக்கும் கட்டம் கட்டமான டப்பா போதும்.

அப்புறம் மின்விசிறி. சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது, விசிறி போட்டால் படம் பறக்கும். ஃபிரேம் போடுகிற கடையில் வரைபட அளவுக்குக் கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்து வாங்கி மேலே போட்டேன். படமும் தட்டையாக நிற்கும், டீ சிந்தினாலும் கவலையில்லை. பகடை உருட்ட அம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தோம். சத்தத்தில் அம்மா தூக்கம் கலைந்து எழுந்துவந்தார், அடியில் ஒரு பழைய துண்டை விரித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

எதிராளி வேறு ஊரில் இருந்தால் வாசல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நம் வீட்டு வாசல் இல்லை, ஆங்கிலப் பெயர்தான் அப்படி ஒலிக்கிறது. கணினியில் வரைபடமும் காயும் வந்துவிடும், ஆளுக்கொரு முறை ஆடி மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளலாம். அந்தக் கல்லூரிப் பையன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான், அவனோடு அப்படித்தான் ஆடுகிறேன். விதியை அதுவாகப் பார்த்துக்கொள்ளாது, நமக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதலில் அட்டைக் காயில் பழகிவிட்டு அதற்குப் போவது நல்லது.

ஒரு வருடமாக நானும் அக்கா மகளும் ஸ்டேஷன் மாஸ்டர் சாரும் சேர்ந்து சொந்தமாக ஓர் ஆட்டம் வரைகிறோம். 1752, ஸ்ரீரங்கம். திருச்சிக் கோட்டையில், ஆங்கிலேயர் துணையோடு ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலி. அவரை முற்றுகையிட்ட போட்டி நவாப் சந்தா சாகிபும் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லாவும் நிலைமை திரும்பியதும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் ஒதுங்கினார்கள். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம், நல்ல அரண் என்று தோன்றும். ஆனால் ஆங்கிலேயப் படையின் கிளைவ் கொள்ளிடத்தைத் தாண்டி வடகரையில் போய் உட்கார்ந்து, புதுச்சேரியிலிருந்து உணவும் உதவிப் படையும் வரும் வழியை அடைத்துவிட்டார். ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் சிக்கி உயிரிழந்தார். போர் ஆட்டங்களில் 'சப்ளை' என்று ஒரு விதி உண்டு. எதிரியின் பார்வை படாத ஒரு பாதை பின்னால் தன் தளம் வரை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படையின் பலம் கரையும். அந்த விதியை யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் நான் இப்போது ஸ்ரீரங்கத்தைத்தான் சொல்கிறேன். இங்கே எல்லோரும் வைகுண்ட ஏகாதசிக்குப் போய்வந்த தீவு, உடனே புரிந்துவிடுகிறது.

வரைபடம் வரையும்போதுதான் ஒன்று பிடிபட்டது. இந்த ஆட்டங்களில் நதி கட்டத்துக்குள் ஓடாது, இரண்டு கட்டத்துக்கு நடுவிலுள்ள விளிம்பில் ஓடும். படை இந்தக் கரையில் நிற்கிறதா அந்தக் கரையில் நிற்கிறதா என்பது சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும் அல்லவா. எங்கள் ஊரில் அரசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, அதிலிருந்து பிரிகிற வாய்க்கால் எல்லாவற்றையும் விளிம்பில் போட்டால் எந்த விளிம்பும் மிஞ்சாது. எதை ஆறாகக் கணக்கிடுவது, எதை விட்டுவிடுவது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாதாடினோம். கடைசியில் பீரங்கி வண்டியை நிறுத்தக்கூடியது மட்டும் ஆறு என்று சார் தீர்ப்பு சொன்னார்.

போன வாரம் கொள்ளிடத்துக்கு நீல மையில் கெட்டிக்கோடு போட்டுவிட்டு, கடக்க ஒரு முழு முறை ஆகும் என்று விதி எழுதினேன். அக்கா மகள் இப்போது பிளஸ் ஒன். கோட்டைப் பார்த்துவிட்டு, "எந்த மாசம் மாமா?" என்றாள். பங்குனி, சித்திரையில் கொள்ளிடம் மணல். மாட்டுவண்டியே இறங்கி ஏறும். 1934 இல் வந்த மேட்டூர் அணை அப்போது இல்லை, ஜூன் 12 என்று நாள் குறித்துத் தண்ணீர் திறக்கிற கணக்கும் இல்லை. மேற்கே மழை பெய்தால் புதுப்புனல் தானாக வரும். நான் போட்ட நீலக் கோட்டை அழித்தேன். அவள் ஸ்கேலை எடுத்து முறைக் கணக்குக் கட்டத்தில் ஆனி மாதத்துக்கு மேல் ஒரு நீலக் கோடு போட்டாள். அதற்கு முன்னால் கொள்ளிடம் வெறும் மணல்கட்டம், அதற்கப்புறம் ஆறு. தண்ணீர் எந்த முறையில் வரும் என்பதற்குப் பகடை உருட்டலாமா, நிச்சயமாக வைத்துவிடலாமா என்பதை வரும் ஞாயிற்றுக்கிழமை சார் வந்ததும் ஆடிப் பார்க்க வேண்டும்.